பழைய ஆற்றைக் காட்டிக்கொடுப்பது

நிலத்துக்குள் ரேடார் அலையை அனுப்பிப் பழைய ஆறுகளைத் தேடும் ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு நெருடல் கூடவே வருகிறது. வியப்பு அடங்கிய பிறகும் அது போவதில்லை. ஆறு எப்போதோ விட்டுப்போன இடம். மேலே சோளமோ குச்சிக்கிழங்கோ நிற்கிற சாதாரண மேட்டுக்காடு. அதன் வரப்போரம் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு இருவர் மெதுவாக நடக்கிறார்கள். பெட்டிக்குள் இரண்டு ஆண்டெனா. ஒன்று அலையை அனுப்புகிறது, மற்றது திரும்பி வருவதைக் கேட்கிறது. மண்ணின் மின்தன்மை மாறுகிற ஒவ்வோர் எல்லையிலும் அலையின் ஒரு பங்கு திரும்பிவிடுகிறது. போய்வர ஆன நேரம் நானோநொடியில், அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், பதிவாகிறது. சாண் சாணாக நகர்ந்து எடுத்த பதிவுகளை வரிசையாக வைத்தால் திரையில் கோடுகள் கிளம்புகின்றன. மணல்திட்டு ஓட்டத்தின் திசையில் சரிந்து சரிந்து வளர்ந்திருந்தால், பரமத்திவேலூர்ச் சந்தையில் சாய்த்து அடுக்கிய வெற்றிலைக் கவுளியைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் அந்தக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஆறு எந்தப் பக்கம் ஒதுங்கியது, எங்கே பள்ளம் பறித்தது, பறித்த பள்ளத்தைத் தானே எப்படி நிரப்பியது என்பதெல்லாம் அந்தச் சாய்வுகளில் இருக்கிறது. ஒரு மண்வெட்டிகூட இறங்கவில்லை. ஒரு செடி ஒடியவில்லை. நெருடல் தொடங்குவது இங்கேதான். சேதமில்லாமல் பார்த்த ஒன்று, பார்த்த பிறகும் சேதமில்லாமல் இருக்குமா?

அதற்கு முன்னால் கருவியின் மீதே சில சந்தேகங்கள் உண்டு. திரையில் தெரிவது ஆழம் அல்ல, நேரம். காற்றில் ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகிற அலை, காய்ந்த மணலில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான் போகும். நனைந்த மணலில் 6 சென்டிமீட்டர். தண்ணீரில் அதற்கும் பாதி. நூறு நானோநொடியில் திரும்பிய எதிரொலி காய்ந்த மணலில் ஏழு மீட்டருக்குக் கீழிருந்து வந்திருக்கலாம். அதே மணல் ஈரமாக இருந்தால் மூன்று மீட்டரிலிருந்துதான் வந்திருக்கும். எந்த வேகத்தை வைத்துக்கொள்வது என்பது ஆய்வாளரின் முடிவு. அந்த முடிவு தவறினால் ஒரு முழு ஆறும் மேலே ஏறிவிடும் அல்லது கீழே இறங்கிவிடும். நிலத்தடி நீர்மட்டம் ஒரு தட்டையான, பளிச்சென்ற கோடாக எல்லாச் சாய்வுகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பழகாத கண் அதையும் ஒரு மண்ணடுக்கு என்று எடுத்துக்கொள்ளும். புதைந்த குழாயும் தனிப்பாறையும் கவிழ்ந்த வளைவாகத் தெரியும். ஏனென்றால் அலை விரிந்து இறங்குகிறது, பொருளுக்கு நேர் மேலே வருவதற்கு முன்பே அதைத் தொட்டுவிடுகிறது. உறையில்லாத ஆண்டெனா என்றால் தலைக்கு மேலே போகும் மின்கம்பியும் ஓரத்தில் நிற்கும் புளியமரமும்கூட நிலத்துக்குள் இருப்பவைபோலப் பதிவாகிவிடும். சேலத்தில் அஸ்தம்பட்டி ரவுண்டானாப் பக்கம் இந்தப் பெட்டியை இழுத்தால் கிடைக்கும் படத்தில் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கம்பம் எல்லாம் வந்துவிடும். அவற்றுக்கு நடுவே சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிய ஒரு பழைய ஓடையை அடையாளம் காண்பதற்கு அலையைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

இந்தச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள அழகான ஒரு வழியை நிலவியலாளர் ஜேம்ஸ் பெஸ்டும் அவருடைய கூட்டாளிகளும் வங்கதேசத்தில் கையாண்டார்கள். ஜமுனா ஆற்றின் நடுவே பெரிய மணல்திட்டு ஒன்று உருவாகி வளர்வதை ஆற்றின் ஆழத்தைத் திரும்பத் திரும்ப அளந்து கண்ணெதிரே பதிவுசெய்தார்கள். பிறகு அதே திட்டின் மேல் ரேடாரை இழுத்தார்கள். துளையிட்டு மண்ணும் எடுத்தார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வில், எந்தக் கோடு எந்த வெள்ளத்தின் வேலை என்று சொல்ல முடிந்தது, ஆறு அதை எழுதும்போதே அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால். பழைய ஆறுகளில் அந்த வசதி கிடையாது. எழுதிய கை போய்விட்டது, எழுத்து மட்டும் இருக்கிறது.

வறண்ட இடங்களில் அந்த எழுத்து எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பது முதலில் தெரிந்தது வானத்திலிருந்து. 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில் போன ரேடார் எகிப்து, சூடான் எல்லைப் பாலைவனத்தின் மேல் பறந்தபோது, மணல் வெறுமையாகக் கிடந்த இடத்தில் அகன்ற நதிப் பள்ளத்தாக்குகள் படத்தில் வந்தன. ஒரு சில மீட்டர் காய்ந்த மணலை அலை ஊடுருவிப் போய் அடியிலிருந்த பழைய நிலத்தைத் தொட்டுத் திரும்பியிருந்தது. இப்போது செவ்வாயிலும் ஒரு ரேடார் நிலத்துக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜெசெரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சவரன்ஸ் வண்டியின் ரிம்ஃபாக்ஸ் கருவி, ஒரு காலத்தில் ஆறு வந்து சேர்ந்த ஏரியின் அடியில் வண்டல் அடுக்கடுக்காகப் படிந்திருப்பதைக் கண்டதாக 2024இல் ஆய்வு வெளிவந்தது. கோள் கடந்து போய் ஓர் ஆற்றின் கழிமுகத்தை மனிதர் படித்துவிட்டார்கள் என்பது பெரிய விஷயம்தான். அங்கே படிக்க முடிவதற்குக் காரணங்களும் உண்டு. ஈரமில்லை. களியில் தேங்கிய உப்புநீர் இல்லை. அந்த மணலுக்கு விலையும் இல்லை.

படிக்க முடிந்ததாலேயே புரிந்துவிட்டது என்று ஆகிவிடாது என்பதற்குக் காகர் ஆறு சாட்சி. இராஜஸ்தான், ஹரியானா சமவெளியில் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்த அகன்ற பழந்தடத்தைப் பார்த்து, அங்கே ஒரு மாநதி ஓடியது, அதன் கரையில்தான் சிந்துவெளி நகரங்கள் செழித்தன, நதி வற்றியதும் நகரங்கள் அழிந்தன என்று கதை கட்டப்பட்டது. தடம் உண்மை. அதன் அடியில் மாநதி ஒன்று கொண்டுவந்த கனத்த மணல் இருப்பதும் உண்மை. அஜித் சிங், ராஜீவ் சின்ஹா, சஞ்சீவ் குப்தா முதலியோர் அங்கே ஆழத் துளையிட்டு எடுத்த மண்ணைக் காலம் கணித்து 2017இல் வெளியிட்டபோது, சட்லெஜ் ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பாதையை விட்டுப் போயிருந்தது தெரிந்தது. நகரங்கள் எழுந்தது அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து. மாநதி போனபின், அது விட்டுச்சென்ற பள்ளத்தில், மழைக்கால ஓடையை நம்பிச் சிந்துவெளி மக்கள் குடியேறினார்கள். வடிவத்தைப் பார்த்து வயதைச் சொல்லிவிட்டதால் வந்த வினை அந்த முதல் கதை. ரேடாரும் வடிவத்தைத்தான் சொல்லும். வயதைச் சொல்வதற்கு மணல்துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று பார்க்கும் ஒளிவழிக் காலக்கணிப்பு வேண்டும். அதற்கான மண்ணை வெளிச்சம் படாமல் குழாயில் அடைத்து எடுத்து, இருட்டறையில் பிரித்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு முன்பே செய்தித்தாளில் தலைப்பு வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒகேனக்கலில் விழுந்து தெற்கே திரும்பும் காவிரி எப்போதும் அப்படித்தான் திரும்பியதா? திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எஸ்.எம். ராமசாமி செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, காவிரி முன்பு வடகிழக்காகப் போய் இன்றைய பாலாற்றுப் பக்கம் கடலைச் சேர்ந்திருக்கலாம், நிலம் மெல்ல உயர்ந்ததால் படிப்படியாகத் தெற்கே தள்ளப்பட்டிருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். படத்தில் தெரிகிற வளைவுகளுக்கு அடியில் இறங்கிப் பார்த்து, மணலை எடுத்து, அது காவிரி மணல்தானா, எப்போது வந்தது என்று ஊர் ஊராக நிறுவுவது தலைமுறைக் கணக்கில் நடக்கவேண்டிய வேலை. சேலத்துக்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. சேலம் நீர் பிரியும் மேட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர். தொப்பையாறு மேட்டூர் அணைக்குப் போகிறது. சரபங்கா மேற்கும் தெற்குமாகச் சுற்றிக் காவிரிக்குப் போகிறது. வசிட்ட நதி கிழக்கே ஆத்தூர் வழியாக வெள்ளாற்றுக்குப் போகிறது. திருமணிமுத்தாறு நகரத்தின் நடுவே புகுந்து, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து, நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில் சேர்கிறது. இத்தனை சிறிய வட்டத்துக்குள் இத்தனை திசைக்கு நீர் பிரிகிற இடத்தில் நிலம் ஒரு சாண் ஏறினாலும் இறங்கினாலும் ஓர் ஓடை கட்சி மாறிவிடும். பழந்தடம் தேடுகிறவருக்கு இதைவிட வளமான நிலம் அமைவது கடினம்.

ஆனால் திருமணிமுத்தாற்றங்கரையில் ஆண்டெனாவை இழுத்தால் என்ன தெரியும் என்று யோசித்தால் நெருடல் இன்னொரு பக்கத்திலிருந்து குத்துகிறது. ரேடார் அலைக்குப் பெரிய எதிரி உப்பு. மண்ணீரில் உப்பு கூடக் கூட அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தத் தொடங்கும். அலை வெப்பமாகக் கரைந்து, சில சாணுக்குள் தீர்ந்துவிடும். சாயப்பட்டறையில் நூலில் சாயம் ஏறுவதற்காகக் கொட்டுகிற உப்பு, பட்டறையிலிருந்து சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கரையோரக் கிணறுகளுக்கும் இறங்குகிறது. ஜவ்வரிசி ஆலைக் கழிவும் நகரத்துச் சாக்கடையும் அதனோடு சேர்கின்றன. சுகவனேசுவரர் கோயில் பக்கமாக ஓடி, உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலைத் தொட்டுப் போகிற இந்த ஆற்றின் நிறமும் நாற்றமும் சேலத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாற்றம் அடிக்காத ஒரு விளைவு மண்ணுக்குள் நடக்கிறது. உப்பு ஊறிய வண்டல் ரேடாருக்கு இருண்டுவிடுகிறது. அதற்கடியில் இந்த ஆறு முன்னே எப்படி ஓடியது என்ற பதிவு அழியாமலே இருக்கலாம். ஆனாலும் அதைப் படிக்கும் வழி ஒன்று அடைபட்டுவிடுகிறது. ஒரு தலைமுறையின் சாயம் பல்லாயிரம் ஆண்டுப் படிவை மறைத்துவிட முடியும் என்பது கெடுதியின் கணக்கில் எங்கும் எழுதப்படாத ஒரு கெடுதி. மீன் செத்ததும் கிணறு கெட்டதும் எழுதப்படுகின்றன, நியாயமாகவே.

உப்பு கதவை அடைக்கிறது என்றால், திறந்த கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கே கொசஸ்தலையாற்றுப் படுகை பதில் வைத்திருக்கிறது. அந்தக் கதையின் முதல் ஆள் ஏற்காட்டுக்காரர் என்றும் சொல்லலாம். அஸ்தம்பட்டியிலிருந்து மேலேறும் சாலையின் முடிவில், ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் இருக்கிறது. இந்திய நிலவியல் அளவைத் துறையில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்து, 1912இல் மறைந்தவர். வில்லியம் கிங்கோடு சேர்ந்து சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பாறைகளை எழுதியவரும் அவரே. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் கிங்கும் கொசஸ்தலையாற்றின் அருகே அத்திரம்பாக்கத்தை அடைந்தார்கள். ஆறும் ஓடையும் கொண்டுவந்து சேர்த்த களியும் சரளையும் செம்பாறாங்கல்லும் அடுக்காகக் கிடக்கிற அந்த இடத்தில், தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் தோண்டி, 2011இல் அங்கிருந்த மிகப் பழைய கருவிகளின் வயது ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகள் என்று வெளியிட்டார்கள். 2018இல் அதே இடத்தின் மேலடுக்குகளில் ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன் கருவி செய்யும் முறையே மாறியிருப்பதைக் காட்டினார்கள். அந்தப் படுகையின் வண்டலை அவர்கள் காலமாகப் படித்தார்கள்.

அதே படுகையை வேறு சிலர் தண்ணீராகப் படித்தார்கள். பாலாறு ஒரு காலத்தில் இந்தப் பக்கமாக ஓடிக் கடலைச் சேர்ந்தது என்பது நிலவியலாளர் பலரும் ஏற்கும் கருத்து. அது விட்டுப்போன மணல், ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுச் சமவெளிக்கு அடியில் புதைந்த கால்வாய்களாகக் கிடக்கிறது. 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வு அந்த மணல் எங்கே, எவ்வளவு கனம், எவ்வளவு நீர் தரும் என்று கண்டது. மிகச் சிறந்த ஆய்வு அது. அதன் பயனாக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுக் களங்கள் வந்தன. தாகத்தில் தவித்த சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் பழைய ஆறு தண்ணீர் கொடுத்தது. உழவர்களின் மோட்டார்களும் அதே மணலிலிருந்து இறைத்தன. இறைத்த வேகத்துக்கு மழை ஈடுகொடுக்கவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் அந்த மணலுக்குள்ளேயே பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஆய்வு செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். குடிக்கத் தண்ணீர் தேடியது குற்றமும் அல்ல. இருந்தும் ஒரு பழைய ஆற்றின் இருப்பிடம் தெரிந்த சில பத்தாண்டுகளுக்குள் அதன் கடலோர முனை உப்பாகிவிட்டது. இன்று அங்கே ரேடாரை இழுத்தால் அந்த உப்பே அலையை விழுங்கிவிடும். முதல் வாசிப்பின் விளைவு இரண்டாம் வாசிப்பைத் தடுத்துவிட்டது. இந்த ஒரு கதையை மனத்தில் வைத்துக்கொண்டு பழந்தட ஆய்வு எதையும் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை.

தண்ணீராவது குழாயில் போய் யாரோ ஒருவரின் தொண்டையை நனைக்கிறது. மணலின் கதை இன்னும் மோசம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த நாள் முதல், மேலிருந்து வரும் மணலின் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அணைக்குக் கீழே கதவணைகள் வேறு. பரமத்திவேலூரிலும் மோகனூரிலும் காவிரிக்குள் கிடக்கிற மணலில் பெரும்பகுதி பழைய இருப்பு. செலவழிந்தால் பவானியும் நொய்யலும் கொண்டுவருகிற சில்லறைதான் மிச்சம். ஊற்றுத் தோண்டிக் குடம் நிறைத்த காலத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கரைகளில் இன்னும் இருக்கிறார்கள். கையால் பறித்தாலே சில நிமிடங்களில் தெளிந்த நீர் கசிந்த அந்த மணலின் கனம் எவ்வளவு என்று எந்தக் கருவியும் அன்று அளக்கவில்லை. பிறகு யூனிட் கணக்கில் லாரி லாரியாகப் போனது. 2003இல் குவாரிகளை அரசே பொதுப்பணித் துறை வழியாக நடத்தத் தொடங்கியது. 2023இல் தமிழ்நாட்டு மணல் குவாரிகளில் அமலாக்கத் துறை ஐஐடி கான்பூர் வல்லுநர்களை அழைத்துவந்து அளந்தது. கருவிகள் நவீனமானவை. அவை அளந்தது மணலை அல்ல, மணல் இருந்த பள்ளத்தை. ஆற்றில் எடுக்கத் தடை இறுகியபோது கண்கள் கரைக்கு வெளியே போயின. சவுடு மண் என்று உரிமம் வாங்கி, மேல்மண்ணை விலக்கிவிட்டு, பட்டா நிலத்துக்கு அடியில் பழைய ஆறு விட்டுப்போன மணலை அள்ளுகிறார்கள் என்ற புகார் தென்மாவட்டங்களிலிருந்து உயர்நீதிமன்றம் வரை போனது. புதைந்த ஆற்றை அறிவியல் தேடிக்கொண்டிருக்கும்போதே வியாபாரம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. ரேடார் இல்லாமல், ஜேசிபியின் கைவாளியை வைத்து.

இதற்கு மாறான கதை ஒன்று வைகைக் கரையில் இருக்கிறது. கீழடியில் 2019இல் ஐந்தாம் கட்ட அகழாய்வைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடங்கியபோது, எங்கே குழி போடுவது என்று முடிவுசெய்ய ஆளில்லா விமானப் படமும் காந்தமானி அளவீடும் நிலம் ஊடுருவும் ரேடாரும் துணைக்கு வந்தன. தென்னந்தோப்புக்கு அடியிலிருந்து செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் வெளிவந்தன. 353 சென்டிமீட்டர் ஆழத்துக் கரித்துண்டின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று அறிவிக்கப்பட்டது. 2023இல் அருங்காட்சியகம் திறந்தது. கட்டுமானங்களை மூடிய வண்டல் ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்கு முன் வைகையின் வெள்ளத்தால் படிந்தது என்று ஒளிவழிக் காலக்கணிப்பைக் கொண்டு ஒரு கட்டுரையும் அண்மையில் வந்தது. ஆற்றுப் படிவும் மனிதர் வாழ்வும் ஒரே குழியின் சுவரில் சேர்ந்து தெரிகிற அரிய இடம் அது. அங்கே பார்த்தது காப்பாற்றுவதில் முடிந்தது. ஏன் என்று கேட்டால் பதில் கூச்சம் தருகிறது. அந்த மண்ணில் பானை ஓடு இருந்தது. ஓட்டில் பெயர் கீறியிருந்தது. அதற்காக வாதாட ஓர் இனமே எழுந்து நின்றது. அதற்குக் கீழேயும் பக்கத்திலும் கிடக்கிற, ஓடு எதுவும் இல்லாத வெறும் மணலுக்காக வாதாட யாரும் இல்லை. மனிதன் வருவதற்கு முன் ஓடிய ஆற்றின் பதிவு யாருடைய பெருமையும் அல்ல, ஆகவே யாருடைய பொறுப்பும் அல்ல என்றாகிவிட்டது. அத்திரம்பாக்கத்தில் கற்கோடரி கிடைத்திருக்காவிட்டால் அந்தச் சரளையை இன்று யார் பேசுவார்கள்?

வாதாட ஆளில்லாத மண்ணைப் பற்றிச் சேலம், நாமக்கல் பக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளைபோடுகின்றன. இந்த ஊர்க்காரர்களைவிட அதிகமாக இந்த நாட்டின் நிலத்துக்குள் கை விட்டவர்கள் இருக்க மாட்டார்கள். மட்டை பிடித்தோ தேங்காய் வைத்தோ நீரோட்டம் பார்க்கிறவர் இடம் சொன்ன பிறகு, இரவோடு இரவாகக் கம்ப்ரசரின் இரைச்சலில் வெளியே வந்து விழுகிற தூளைப் பார்த்தே ஓட்டுநர் சொல்லிவிடுவார்: செம்மண் முடிந்தது, சரளை வந்தாயிற்று, இது அழுகல் பாறை, இது கெட்டி. அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டுக்குப் போர் போட்டால் கேசிங் குழாய் எத்தனை அடி இறங்கியது என்று அடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் பில் போடுவார்கள். துளை சரியாமல் இருக்கத் தளர்ந்த மண்ணும் சிதைந்த பாறையும் உள்ள ஆழம் வரைக்கும் இறங்குகிற குழாய் அது. கெட்டிப் பாறை தட்டிய இடத்தில் நின்றுவிடும். அப்படியானால் அந்தப் பில் ஓர் ஆழப் பதிவு. தெருத்தெருவாக அந்த எண்களைச் சேர்த்தால், மலையடிவாரத்தில் மண் எங்கே தடித்திருக்கிறது, எந்தக் கோட்டில் பள்ளமாக ஓடுகிறது என்று ஒரு முதல் வரைபடம் கிடைக்கும். அதில் ஓடை கொண்டுவந்த மண் எது, நின்ற இடத்திலேயே சிதைந்த பாறை எது என்று பிரிக்க முடியாது என்பது உண்மைதான். அதைப் பிரிக்கத்தான் ரேடாரும், கையால் துழாவிப் பார்க்கிற ஒருவரும் வேண்டும். கஞ்சமலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் இரும்புத்தாது கலந்த கருமணல் கீற்றுக் கீற்றாகப் படியும். அது கண்ணுக்கும் தெரியும், ரேடாருக்கும் தனித்துத் தெரியும். பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது. திருச்செங்கோடு பக்கத்தில்தான் இருக்கிறது. பில் புத்தகங்கள் கடையில் போட்ட பழைய தாளாகப் போய்க்கொண்டிருக்கின்றன.

இப்படி ஒரு வரைபடம் வந்துவிட்டால் அதுவும் மீஞ்சூரின் வழியே போகாதா என்ற கேள்வி திரும்ப வந்து நிற்கிறது. மறைத்து வைக்கலாம் என்பது ஒரு பதில். அமெரிக்காவில் தொல்லியல் இடங்கள் எங்கே இருக்கின்றன என்பதை வெளியிடாமல் வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது, தோண்டித் திருடுகிறவர்களுக்குப் பயந்து. பழைய மணலுக்கும் அதைச் செய்யலாம். வடிவத்தை எழுதி, இடத்தை எழுதாமல் விடலாம். ஆனால் யாரிடமிருந்து மறைப்பது? மணல் வியாபாரிக்கு எந்தக் காட்டில் எத்தனை அடிக்குக் கீழே மணல் என்று முன்பே தெரியும். மறைத்தால் தெரியாமல் போவது அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரருக்கும், கிணற்றடியில் வரிசையில் நிற்கிற பெண்ணுக்கும்தான். அவர்கள் தெரிந்துகொள்ளாத வரைக்கும் சவுடு உரிமத்துக்கு ஆட்சேபம் எழுதவும் ஆளிருக்காது.

ஆகவே, நஞ்சை இடையாறு பக்கத்தை எடுத்துக்கொண்டால், செய்யவேண்டிய வேலைக்கு ஒரு வரிசை புலப்படுகிறது. ஒரு மலையடிவாரச் சிற்றாறு பேராற்றோடு சேரும் இடம் அது. காவிரி பெருகும்போது சிற்றாற்றின் வாய் அடைபட்டு வண்டல் பின்னால் தேங்கும். சிற்றாறு பெருகும்போது அதன் சரளை காவிரி மணலின் மேல் ஏறும். இரண்டு ஆறுகளின் வெள்ளங்களும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்திருக்கக்கூடிய மண் அது. முதலில் கிணற்று நீரின் உப்பை அளந்து, அலை இறங்குகிற இடம் எது என்று பார்க்க வேண்டும். பிறகு மழைக்கு முன் காய்ந்த பட்டத்தில் ரேடாரை இழுக்க வேண்டும். கோடுகள் திரும்புகிற இடத்தில் மட்டும் துளையிட்டு, இருட்டுக் குழாயில் மணல் எடுத்து, வயது வரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். வந்ததும் அதை முதலில் காட்டவேண்டிய இடம் ஆய்விதழ் அல்ல, அந்த ஊரின் கிராம சபை. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. ஃபிளெக்ஸில் அச்சடித்த ரேடார் படத்தைக் கட்டித் தொங்கவிட அன்று ஒரு சுவர் கிடைக்காமலா போகும்? சாய்ந்த கோடுகளை விரலால் காட்டி, இது காவிரி, இது நம்ம ஆறு, இது இன்னார் தாத்தா காலத்துக்கும் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின வெள்ளம் என்று சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “அப்ப எங்க போர் போட்டா தண்ணி வருமுங்க?” என்று கேட்பார். கேட்பது நியாயம். அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும், மீஞ்சூரில் நடந்ததையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தில் அது முடியாது. அடுத்த கிராம சபை மே 1ஆம் தேதி.